சின்னுவை வரைந்த மனோரஞ்சிதம்

பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரையும்போது மனோரஞ்சிதம் கண்களைக் கடைசியில்தான் போடுவார். முதலில் தலைமுடி, பிறகு காது, மூக்கு, முன்பல் விழுந்த வாய். கண் இல்லாத முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் பிள்ளைகள் "கண்ணு, கண்ணு" என்று கத்துவார்கள். அவர் கறுப்பு மார்க்கரை எடுத்து இரண்டு புள்ளி வைப்பார். இடது கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு மச்சமும் வைத்துவிட்டால் கூட்டம் முழுவதும் சொல்லும்: "சின்னு."

இருபது வருடமாக இதுதான் அவருடைய சனிக்கிழமை. பாசிர் ரிஸ் வீட்டிலிருந்து மடக்குப் பலகையையும் மார்க்கர் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு தீவின் எந்த மூலைக்கும் போவார். நூலகங்களில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சமூக மன்றங்களில் பக்கத்து அறையில் கராத்தே வகுப்பு நடக்கும். அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளங்களில் நடக்கும் குடும்ப விழாக்களில் ஒலிபெருக்கியோடு போட்டி போட முடியாது என்று தெரிந்ததும், கதை சொல்வதை விட்டுவிட்டு வெறுமனே வரைவார். எங்கே போனாலும் பிள்ளைகள் கேட்பது ஒரே புத்தகத்தைத்தான். 'சின்னுவும் நனைந்த மெத்தையும்.'

அந்தப் புத்தகம் பிறந்த கதையை அவர் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பாதியை மட்டும்.

மனோரஞ்சிதத்தின் அப்பா அம்பிகைபாகன் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர், யாழ்ப்பாண வழியினர். மகள் ஒரு விளம்பர நிறுவனத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலைக்குப் போனாள். அங்கே விமானநிலையச் சரக்குப் பிரிவிலிருந்து அச்சு வேலை கொடுக்க வந்த தனசேகரனைத் தெரிந்துகொண்டாள். அவர் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்து, பிறகு அடங்கி, கல்யாணம் நடந்தது. 1997-இல் ஆரபி பிறந்தாள்.

ஆரபிக்கு ஆறு வயதானபோது மனோரஞ்சிதம் மறுபடியும் கர்ப்பமாக இருந்தார். எட்டாம் மாதத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுபோனது. ஆண் குழந்தை. மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் பல வாரம் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆரபி பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டில் வாங்கி வைத்திருந்த தொட்டில் கட்டில் இல்லை. "தம்பி சாமிகிட்ட போயிட்டான்மா" என்றார் தனசேகரன். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று வயதிலேயே இரவில் நனைப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை, அந்த மாதம் மறுபடி நனைக்கத் தொடங்கினாள்.

ஒருநாள் காலை தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனோரஞ்சிதம், வாசலுக்கு வெளியே பொது நடைபாதையின் கம்பியில் மெத்தை சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். போகிறவர் வருகிறவர் கண்ணில் கறை படாமலிருக்க ஆரபி அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை, ஒரு கால் சாக்ஸ். அதைப் பார்த்ததும் மனோரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வந்தது. ஏழு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. உள்ளே போய் ஒரு தாளை எடுத்து அதை அப்படியே வரைந்தார். மறுநாள் இன்னொன்று வரைந்தார். மாலைக்குள் குளித்துத் தலை வாரியிருந்தார்.

மேடையில் அவர் சொன்னது மெத்தையும் விரித்த கைகளும் மட்டும்.

புத்தகத்தில் சின்னு தினமும் தான் ஒரு திமிங்கிலமாகி விட்டதாகக் கனவு காண்கிறாள். கடல் போதாமல் அவளே கடலை நிரப்புகிறாள். எதிர்வீட்டுப் பூனை குடை பிடிக்கிறது. கடைசியில் அம்மாவும் அப்பாவும் மெத்தையைத் தூக்கி வெயிலில் வைக்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோட்டுக் கடைவீட்டின் மாடியில் சின்னப் பதிப்பகம் வைத்திருந்த இளமாறன் அதை அச்சிட்டார். பாலர் பள்ளிகள் வாங்கின. பல தாய்மார் கடிதம் எழுதினார்கள். என் மகனும் நனைக்கிறான், உங்கள் புத்தகத்தைப் படித்த பிறகு அழுவதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கடிதங்கள் பொய்யில்லை. அடுத்த எட்டு வருடத்தில் சின்னுவைப் பற்றி இன்னும் ஆறு புத்தகங்கள் வந்தன.

ஆரம்பத்தில் ஆரபியும் நூலகங்களுக்கு வந்து முன்வரிசையில் உட்காருவாள். எட்டு வயதில் வரமாட்டேன் என்றாள். "கூச்சம் வந்திருச்சு அவளுக்கு," என்று மனோரஞ்சிதம் எல்லோரிடமும் சொன்னார். பிறகு அவள் வளர்ந்தாள், படித்தாள், பெர்த்துக்குப் போய் அங்கேயே பிசியோதெரபிஸ்ட் ஆனாள். ஞாயிறுதோறும் அப்பாவுக்குப் போன் செய்வாள். அம்மாவிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பாள். மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று மனோரஞ்சிதம் சமாதானம் செய்துகொண்டார்.

போன வருடம் ஏப்ரலில், தமிழ்மொழி விழாவையொட்டிச் சுவா சூ காங் நூலகத்தில் கதை நேரம் ஏற்பாடாகியிருந்தது. நூலகத்தில் வேலை செய்யும் உம்மு சல்மா முப்பது பேர் வருவார்கள் என்று சொல்லியிருந்தார். ஐம்பது பேர் வந்தார்கள். மனோரஞ்சிதம் கண் வைத்து, மச்சம் வைத்து, கத்தலெல்லாம் ஓய்ந்த பிறகு கையெழுத்துக்கு வரிசை நின்றது. அதில் ஓர் இளம்பெண் மூன்று வயதுச் சிறுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, என்னைத் தெரியுதா? சுஷ்மிதா. ஆரபியோட கிளாஸ். பிரைமரி டூலேர்ந்து ஃபோர் வரைக்கும்."

மனோரஞ்சிதத்துக்கு ஞாபகம் வரவில்லை. ஆனாலும் சிரித்தார். "அப்படியா? உன் பொண்ணா இது?"

"ஆமா ஆன்ட்டி. ஆரபி எப்படி இருக்கா?"

"பெர்த்துல இருக்கா. வேலை பார்க்கிறா."

சுஷ்மிதா புத்தகத்தை நீட்டவில்லை. மகளைக் கீழே இறக்கிவிட்டாள். "நான் அவகிட்ட ஸாரி சொல்லணும். இன்ஸ்டால தேடினேன், கெடைக்கல. நீங்க சொல்றீங்களா?"

"எதுக்கும்மா ஸாரி?"

"டீச்சர் உங்க புக்க கிளாஸ்ல வாசிச்சாங்கல்ல. மச்சத்தப் பார்த்ததும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, சின்னு அவதான்னு. நாங்க ரொம்ப மோசமா நடந்துக்கிட்டோம். ரீசஸ் முடிஞ்சு வர்றதுக்குள்ள அவ நாற்காலில தண்ணி ஊத்தி வெச்சிருவோம். அவ உக்காந்ததும், சின்னு நனைச்சிட்டான்னு சொல்லுவோம். ஒரு நாள் அவ பேக்ல பேபி டயபர் வெச்சாங்க. வெச்சது நான் இல்ல, ஆன்ட்டி. ஆனா சிரிச்சேன்."

மனோரஞ்சிதம் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றாள் சுஷ்மிதா, குரல் தாழ்ந்து. "போன வாரம் இவளுக்குப் படிக்கலாம்னு அந்தப் புக்க எடுத்தேன். முடிக்க முடியல, ஆன்ட்டி."

"சொல்றேன்மா," என்றார் மனோரஞ்சிதம். "நான் சொல்றேன்."

வரிசையில் இன்னும் பதினைந்து பிள்ளைகள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போட்டார். பெயரைத் தப்பாக எழுதி ஒரு பையனுக்குப் பக்கத்தைக் கிழித்து வேறு தாள் ஒட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. உம்மு சல்மா ஒரு பாக்கெட் குளிர்ந்த சாமந்திப்பூ டீயைக் கையில் திணித்து, "ஆன்ட்டி, முகமே சரியில்ல. டாக்ஸி போடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டு ரயில் ஏறினார்.

சுவா சூ காங்கிலிருந்து ஜூரோங் ஈஸ்ட், அங்கே மாறி, தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்து பாசிர் ரிஸ். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அந்த நேரம் முழுவதும் அவர் வருடங்களைக் கோத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நூலகத்துக்கு வரமாட்டேன் என்றது தொடக்கநிலை இரண்டில். உயர்நிலைப் பள்ளிக்கு வெகுதூரத்தில் ஒரு பள்ளியைக் கேட்டது, வேறு தோழிகள் யாரும் போகாத பள்ளி. பதினாறு வயதில் மச்சத்தை எடுத்துவிட லேசர் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. "அழகா இருக்கே, எதுக்கு?" என்று தான் சண்டை போட்டது. அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்தபோது தனசேகரன் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் மனோரஞ்சிதம் கேட்டார்.

"ஆரபிய ஸ்கூல்ல படுத்தினாங்களா? அந்தப் புக்கால?"

தனசேகரன் ஒரு சட்டையை மடித்து முடித்தார். "யாரு சொன்னா?"

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். பிரைமரி த்ரீல டீச்சர் என்னைக் கூப்பிட்டாங்க."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"அவதான் வேணாம்னா." அவர் உட்கார்ந்தார். "சொன்னா அம்மா வரையறத நிறுத்திருவாங்க, மறுபடியும் ரூம்லயே படுத்துக்குவாங்கன்னா. எட்டு, ஒன்பது வயசுப் புள்ள, மனோ. என் கையப் புடிச்சுக்கிட்டு சொன்னா. எனக்கும் அந்தப் பயம்தான். அதனால சரின்னுட்டேன்."

அன்று இருவரும் சாப்பிடவில்லை. அவர் மேல் கோபப்பட மனோரஞ்சிதத்தால் முடியவில்லை. கணவர் பயந்தது நியாயம் என்று அவருக்கே தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. போன் வந்ததும் தனசேகரன் பேசாமல் மனைவியிடம் கொடுத்துவிட்டு பால்கனிப் பக்கம் போனார்.

"சுஷ்மிதாவப் பார்த்தேன்," என்றார் மனோரஞ்சிதம். "உன்கிட்ட ஸாரி சொல்லச் சொன்னா."

"ஓகே."

"நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே, ஆரபி."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எல்லா ஸ்கூலுக்கும் போய்ப் புக்கத் திரும்ப வாங்கிட்டு வந்திருப்பீங்களா?"

"மன்னிச்சிரும்மா."

"டயபர் எல்லாம் பரவால்லம்மா. பசங்க அப்படித்தான் இருப்பாங்க. எனக்குப் பிரச்சின அது இல்ல."

"வேற என்ன?"

"அந்த வருஷம் நம்ம வீட்டுல என்ன நடந்துச்சு? தம்பி செத்துப்போனான். அத நீங்க வரையல. நான் நனைச்சத மட்டும் வரைஞ்சீங்க. ஏன் நனைக்கிறேன்னு ஒரு நாள்கூட என்னைக் கேக்கல." அவள் குரல் உயரவே இல்லை. நோயாளிக்கு விளக்குகிற மாதிரி நிதானமாகப் பேசினாள். "அப்பாகிட்ட போனக் குடுங்க."

அடுத்த வாரம் மனோரஞ்சிதம் பஃபலோ ரோட்டுக்குப் போனார். கீழே பூக்கடைகளில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி மாடி ஏறினார். அந்தப் புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்றதும் இளமாறன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, நம்மகிட்ட இன்னும் போயிட்டிருக்கறதே அது ஒண்ணுதான். ஏன்?"

"அந்தப் புள்ளகிட்ட நான் கேக்கவே இல்ல."

இளமாறனுக்கு ஆரபியைக் குழந்தையிலிருந்து தெரியும். அதற்குப் பிறகு அவர் ஏன் என்று கேட்கவில்லை. "லைப்ரரிங்கள்ல கெடக்கறத என்னக்கா பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

சில நாள் கழித்துத் தெம்பனிஸ் நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் அலமாரிக்கு முன்னால் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மூன்று பிரதிகள் இருந்தன. ஒன்றின் முதுகு டேப் ஒட்டித் தடித்துப் போயிருந்தது. எத்தனை கை மாறியிருக்கும் என்று நினைத்தார். மூன்றையும் மற்றப் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளி மறைத்தார். எழுந்து கதவு வரை போனார். பிறகு திரும்பி வந்து, அடுக்குகிறவர்களுக்கு வீண் வேலை என்று மூன்றையும் எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தார்.

சனிக்கிழமைகளை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தனசேகரன் பயப்படுவார் என்பது ஒரு காரணம். ஆனால் சின்னுவை வரைவதில்லை. யானை, மாம்பழம், ஈரடுக்குப் பேருந்து என்று பிள்ளைகள் கேட்பதை வரைந்தார். பாசிர் ரிஸ்ஸில் ஒரு புளோக் விழாவில் ஒரு தாய், வீறிட்டு அழுதுகொண்டிருந்த தன் மகளைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்து, போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "இந்த அழுமூஞ்சிய அப்படியே வரைங்க. ஃபன்னியா இருக்கும்," என்றார்.

மனோரஞ்சிதம் குனிந்து சிறுமியைக் கேட்டார். "உன்ன வரையட்டுமா?"

சிறுமி தலையாட்டி மறுத்தாள்.

"வேணாங்கிறா," என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

"சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்?" தாய்க்கு முகம் சிறுத்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனோரஞ்சிதம் வரையவில்லை. விழா ஏற்பாட்டாளர் பிறகு வந்து, பெற்றோரிடம் கொஞ்சம் அனுசரித்துப் போகலாமே என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த புளோக்கிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை.

நவம்பரில் தனசேகரனுக்கு நெஞ்சுவலி வந்து இதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. ஆரபி ஆறு நாள் விடுப்பில் வந்தாள். விமானநிலையத்திலிருந்து நேராக மருத்துவமனைக்கு வந்து, அப்பாவின் மருத்துவக் கோப்பை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். தாதிகளிடம் அவளே பேசினாள். அம்மாவிடம் தேவையானதைப் பேசினாள். சாப்பிட்டீங்களா, சார்ஜர் எங்கே, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும். மூன்றாம் நாள், தனசேகரன் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இருவரும் கீழே உணவுக்கடையில் கோப்பி வாங்கி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மகளின் இடது கண்ணுக்குக் கீழே தோல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. மனோரஞ்சிதம் அந்த இடத்தைப் பார்க்காமலிருக்க முயன்றார்.

ஆரபி கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். "தம்பிய நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தாதி துணில சுத்திக் கையில குடுத்தாங்க."

"எப்படி இருந்தான்?"

"தலை நிறைய முடி. மூக்கு உன்ன மாதிரி." மனோரஞ்சிதம் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அரை மணி நேரம் வெச்சிருந்தேன். அப்புறம் வாங்கிக்கிட்டாங்க."

"பேரு வெச்சிருந்தீங்களா?"

"சுலக்ஷன்."

ஆரபி அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "இருபத்தொரு வருஷமாச்சு. எனக்கு யாரும் சொல்லல."

"அப்பாவும் நானும்கூட சொல்லிக்கிட்டதில்ல."

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நகர்ந்து போனதும் ஆரபி சொன்னாள். "நான் ஒரு நாள் உங்ககிட்ட சொன்னேன், எனக்குத் தம்பி வேணாம்னு. ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா."

"சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு நீங்க ஹாஸ்பிடலுக்குப் போயிட்டீங்க. கட்டிலும் போயிருச்சு. நான் சொன்னதாலதான் அவன் போயிட்டான்னு நெனச்சேன். அதுக்குத்தான் நீங்க என்கூடப் பேசலன்னு நெனச்சேன். ரொம்ப நாளைக்கு."

மனோரஞ்சிதம் கையை நீட்டி மகளின் கை மேல் வைத்தார். "இல்லடி. இல்ல. அது யாராலயும் இல்ல." ஆரபி கையை இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. பிறகு, "டாக்டர் ரவுண்டு வர்ற டைம்," என்று எழுந்தாள்.

தனசேகரன் தேறி வீட்டுக்கு வந்தார். ஆறாம் நாள் மனோரஞ்சிதம் மகளோடு விமானநிலையத்துக்குப் போனார். பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்த ஆரபி அம்மாவை ஒருமுறை அணைத்துக்கொண்டாள், ஒரு கையில் கடவுச்சீட்டோடு.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுமா."

"அப்பாவுக்குப் பண்றேன்."

உள்ளே போனவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். அவள் தலை கூட்டத்தில் மறைந்த பிறகும் மனோரஞ்சிதம் கொஞ்ச நேரம் நின்றிருந்தார். வீட்டில் தனசேகரனுக்குக் கஞ்சி வைக்கும் நேரமாகிவிட்டது. பேருந்து பிடித்தார்.

தை மாதத்தில் இளமாறன் புதுப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மனோரஞ்சிதம் இல்லை என்றார். ஒரு நாள் மதியம் தலை நிறைய முடியோடு ஒரு கைக்குழந்தையின் முகத்தைத் தாளில் தொடங்கியது உண்மை. நெற்றி வரை வந்து நிறுத்திவிட்டார். அதை யாரிடம் கேட்டுவிட்டு வரைவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிறுதோறும் போன் தனசேகரனுக்குத்தான் வருகிறது. சில வாரங்களில் கடைசியில், "அம்மா இருக்காங்களா?" என்று ஆரபி கேட்பாள். மனோரஞ்சிதம் அடுப்பைத் தணித்துவிட்டு வருவார். இரண்டு நிமிடம் பேசுவார்கள், பெர்த்தின் வெயிலைப் பற்றி, அப்பாவின் மாத்திரையைப் பற்றி. மற்ற வாரங்களில் அவள் கேட்பதில்லை.